ஒலியேடும் ஊசியும்: கேரர்டு 301 பொறியைப் பேணலும் மேம்படுத்தலும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு அவையில் இசைத்தட்டு ஓட்டும் பொறியைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை ஒரு சொல்லில் உள்ளது. இசைத்தட்டின் தடத்தில் ஊர்ந்து ஒலியை மீட்கும் ஊசியை ஆங்கிலேயர் 'ஸ்டைலஸ்' என்பர். இலத்தீன் வழி வந்த அச்சொல்லின் முதற்பொருள் எழுத்தாணி என்பதாகும். மெழுகுப் பலகையில் எழுதிய கருவியின் பெயரே பின்னாளில் ஒலியைப் படிக்கும் கருவிக்கும் ஆயிற்று. தட்டு, ஒலியின் ஏடு. ஊசி, அவ்வேட்டைப் படிப்பது. ஏட்டைச் சீராகச் சுழற்றித் தருவது டர்ன்டேபிள் எனப்படும் சுழல்பொறி. சுவடியின் பாடம் சிதையாமல் படிக்கப்பெற வேண்டும் என்னும் கவலை உடையோர்க்கு இப்பொறியைப் பற்றிய கவலையும் அயலானதன்று.

2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் மூண்ட தீயில் இசைஞர் பலரின் மூல ஒலிநாடாக்கள் எரிந்து போயின. மூல நாடா அழிந்தால், அதிலிருந்து எடுத்து அச்சிட்டு விற்ற தட்டுகளே பழைய சாட்சியாக எஞ்சுகின்றன. மூல ஓலை மறைந்தபின் படியோலைகள் மூலத்தின் இடத்தைப் பெறுவதை இது ஒக்கும். அத்தகைய தட்டின்மீது தேய்ந்த ஊசியை வைப்பவர், படிக்கும்போதே ஏட்டைக் கிழிப்பவராகிறார். ஆகவே பழைய பொறியைப் பேணுதல் என்பது பொறியை மட்டும் பற்றிய செய்தியன்று.

பொறி பிறந்த கதை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள ஸ்விண்டன் நகரில் உருவான கேரர்டு 301 இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கேரர்டு என்பது ஆங்கில அரச குடும்பத்துக்கு அணிகலன் செய்தளித்த நகை வணிகரின் பெயர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், பீரங்கிப் படைக்குத் தொலைவளக்கும் கருவிகள் செய்து தருவதற்காக அந்த நகை நிறுவனம் ஒரு பொறியியற் கிளையைத் தொடங்கியது. போர் ஓய்ந்தபின் 1919-இல் அக்கிளை ஸ்விண்டனுக்குப் பெயர்ந்து, கிராமபோன்களுக்கான சுருள்வில் மோட்டார்களைச் செய்யலாயிற்று. பொன்னை நுண்ணிதின் இழைத்த கைகளின் மரபு எஃகுக்கு மாறியது எனலாம்.

301 பொறி 1954-இல் விற்பனைக்கு வந்தது. நிமிடத்திற்கு 33⅓, 45, 78 சுற்றுகள் என மூன்று வேகங்கள் அதற்கு உண்டு. பெட்டி இல்லை, ஊசியைத் தாங்கும் கையும் இல்லை. மோட்டார், சுழல்தட்டு, இவற்றைத் தாங்கும் வார்ப்பு அடித்தகடு ஆகியவை மட்டுமே விற்கப்பட்டன. வாங்கியவர் தமக்கேற்ற அடிப்பெட்டியில் அதனைப் பொருத்தித் தமக்கேற்ற ஊசிக்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். பி.பி.சி. முதலிய ஒலிபரப்பு நிலையங்களும் இதனைப் பயன்படுத்தின. 1965-இல் 401 என்னும் பொறி இதன் இடத்தைப் பெற்றது. 1979-இல் நிறுவனம் பிரேசில் நாட்டவர் கைக்கு மாறியது. 2018-இல் இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. நிறுவனத்தை உடைய குழுமம் கேரர்டு என்னும் பெயரை வாங்கியது; அதன்பின் பழைய 301 பொறிகள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன.

அதன் இயக்கம் எளியது. மோட்டாரின் தண்டில் படிப்படியாக விட்டம் மாறும் ஒரு கப்பி உண்டு. அக்கப்பிக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்புடைய சக்கரம் ஒன்று நிற்கிறது. இதனை இடைச் சக்கரம் என்போம். பற்சக்கரமும் இல்லை, வாரும் இல்லை; உராய்வே பிடிமானம். மோட்டாரின் வலிமை நேரே சுழல்தட்டுக்குச் சேர்வதால், தடத்தில் அழுந்தும் ஊசியின் இழுப்புக்குத் தட்டு தளர்வதில்லை. ஆனால் வலிமை சென்ற வழியே அதிர்வும் செல்லும். இப்பொறியின் சிறப்பும் குறையும் ஒரே சக்கரத்தில் உள்ளன.

தடத்தின் நுண்மை

பேணுவதன் தேவையை உணர வேண்டுமாயின் தடத்தின் அளவை அறிதல் வேண்டும். நெடுந்தட்டின் வெளித்தடத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தடம் ஓடுகிறது. உள்தடத்தில் வட்டம் சிறுத்துவிடுவதால் அது 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. அங்கே நொடிக்கு 10,000 அதிர்வுடைய மெல்லிய ஒலி ஒன்று பதிந்திருப்பின், அதன் ஓர் அலையின் நீளம் 21 மைக்ரான். தலைமயிரின் தடிமனினும் சிறியது. அந்நெளிவைப் படிக்கும் உருண்டை முனை ஊசியின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 வேகத்து அரக்குத் தட்டுகளின் தடம் அகன்றது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும். சிறிய ஊசியை அகன்ற தடத்தில் இட்டால் அது அடியில் கிடந்து அழுக்கையே படிக்கும். பெரிய ஊசியைச் சிறிய தடத்தில் இட்டால் தடத்தின் மேல்விளிம்பு நொறுங்கும். கிராமபோன் காலத்துத் தமிழ்ப் பாட்டுத் தட்டுகளை இன்று கேட்க விழைவோர் முதலில் கருத வேண்டுவது இதனையே.

தடத்தை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து வெட்டுவர். இல்லையெனின் தடம் அகன்று இடம் போதாது. கேட்கும்போது பெருக்கி அவற்றை மீண்டும் உயர்த்தும். 1954 முதல் பொதுவழக்காகிய ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, நொடிக்கு 1,000 அதிர்வுடைய ஒலியோடு ஒப்பிட, 20 அதிர்வுடைய ஒலி ஏறத்தாழ ஒன்பது மடங்கு உயர்த்தப்படுகிறது. மோட்டாரின் நடுக்கமோ நொடிக்கு 25 அதிர்வை ஒட்டியது. பாட்டின் தாழ்ந்த ஒலியை உயர்த்தும் அதே கை மோட்டாரின் உறுமலையும் உயர்த்திவிடுகிறது. தட்டில் இல்லாத ஒன்று தட்டின் பாடத்துள் புகுந்துவிடுகிறது. பதிப்புலகில் இதற்குப் பெயர் இடைச்செருகல்.

301 பிறந்த காலத்தில் இக்குறை பெரிதாகப் படவில்லை. அக்காலத் தட்டுகள் ஒற்றைத் தடஒலித் தட்டுகள். ஊசியின் பக்கவாட்டு அசைவு மட்டுமே ஒலியாயிற்று. தடத்தின் இரு சுவர்களிலும் இரு ஒலிகளைப் பதிக்கும் முறைக்கு ஆலன் பிளம்லைன் 1931-இலேயே காப்புரிமை கோரினார் எனினும், ஸ்டீரியோ தட்டுகள் 1958-ஐ ஒட்டியே பரவின. அவற்றில் ஊசியின் மேல்கீழ் அசைவும் ஒலியாகும். ஆகவே அதுவரை கேளாதிருந்த மேல்கீழ் உறுமல் காதில் விழலாயிற்று. பொறி கெடவில்லை, படிப்பின் நுண்மை கூடியது. மேம்படுத்தல் என்னும் வேட்கை பிறந்ததற்கு இதுவே நியாயமான காரணம்.

பேணல்

பேணுவோர் முதலில் நோக்க வேண்டுவது ஊசியை. வைர ஊசி ஏறத்தாழ 1,000 மணிநேரம் உழைக்கும் என்பது பொது மதிப்பீடு. நாளொன்றுக்கு ஒரு மணி கேட்போர்க்கு அது மூன்றாண்டுக்குள் அடங்கும். ஓடிய மணிநேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நல்ல வழக்கம். ஊசியின் தூசியைப் பின்னிருந்து முன்னாக மென்தூரிகையால் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் ஊசி தாங்கும் நுண்தண்டு வளையும். தட்டில் படிந்த தூசியை ஓட்டுமுன் அகற்ற வேண்டும். ஊசியின் அழுத்தத்தில் தூசி உப்புத்தாளாகிவிடும்.

அடுத்தது கிடைமட்டம். கொத்தனார் கையாளும் ரசமட்டமே இங்கும் கருவி. சுழல்தட்டு சாய்ந்திருப்பின் ஊசிக்கை ஒரு பக்கம் ஈர்க்கப்பட்டுத் தடத்தின் ஒரு சுவரையே மிகுதியாகத் தேய்க்கும். அடிப்பெட்டியை மட்டம் பார்த்தால் போதாது. சுழல்தட்டின் மீதே மட்டம் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சுழல்தட்டைத் தாங்கும் நடுப் பேரிங். 301-இல் இருவகை உண்டு. சாம்பல் நிறப் பூச்சுடைய தொடக்ககாலப் பொறிகள் கிரீஸ் இட்ட பேரிங் உடையன; அடியிலுள்ள குமிழைத் திருகினால் கிரீஸ் உள்ளே அழுந்தும். பின்வந்தவை எண்ணெய் இட்ட பேரிங் உடையன. எழுபதாண்டுப் பழைய கிரீஸ் கெட்டியாகி மெழுகுபோல் இறுகியிருக்கும். அதன்மேல் புதியதை இடுதல் பழைய சோற்றின்மேல் புதுச்சோறு இடுவது போன்றதே. தண்டை மெல்ல உருவி, பழையதை முற்றத் துடைத்து, தண்டிலும் அடியிலுள்ள தாங்குதட்டிலும் தேய்வு உள்ளதா என நோக்கி, அதன்பின்னரே புதியதை இட வேண்டும். கிரீஸ் பேரிங்கில் கிரீசே இடுக. எண்ணெய்ப் பேரிங்கில் எண்ணெயே இடுக. ஒன்றை மற்றொன்றாக ஆள்வோர் பேரிங்கை இழப்பர்.

நான்காவது, இடைச் சக்கரம். இதன் ரப்பர் விளிம்பு காலத்தால் இறுகிப் பளபளப்பேறும். பளபளப்பு ஏறினால் பிடிமானம் குறையும்; இறுகினால் அதிர்வு மிகும். ஆல்கஹால் தோய்த்த துணியால் சக்கரத்தின் விளிம்பையும், கப்பியையும், சுழல்தட்டின் உள்விளிம்பையும் துடைக்க வேண்டும். துடைத்தபின் விரல் படலாகாது. விரலின் எண்ணெய்ப் பசையே வழுக்கலுக்குப் போதும். பொறியை நிறுத்தும் நெம்புகோலைப் பயன்படுத்தாமல் மின்சாரத்தைச் சுவரிலேயே நிறுத்துவோர் உளர். அவ்வாறு நிறுத்தினால் சக்கரம் கப்பியோடு அழுந்தியபடியே கிடந்து, ரப்பரில் ஒரு பள்ளம் விழும். பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் அப்பள்ளம் ஒரு தட்டலாகக் கேட்கும்.

ஐந்தாவது, மோட்டார். 301-இன் மோட்டார் சுருள்வில்களில் தொங்குகிறது. மோட்டாரின் நடுக்கம் அடித்தகட்டுக்கு ஏறாமல் காப்பவை இவையே. வில்களுள் ஒன்று தளர்ந்தாலும் மோட்டார் சாய்ந்து தகட்டைத் தொடும். உறுமல் உடனே மிகும். மோட்டார் எங்கும் தொடாமல் நேராகத் தொங்குகிறதா என்பதைப் பார்த்த பின்னரே மேம்பாடு பற்றி எண்ண வேண்டும். மோட்டார்த் தண்டைத் தாங்கும் மேல்கீழ்ப் பேரிங்குகள் வறண்டிருந்தால் தூய்மை செய்து எண்ணெய் ஊட்ட வேண்டும். பல பொறிகளில் 'மேம்பாடு' எனப் பணம் செலவிட்டு நீக்க முயன்ற உறுமல், இத்தொங்கலைச் சீர்செய்தவுடன் தானே அடங்கும்.

ஆறாவது, மின் பகுதி. பழைய மின்வடத்தின் உறை வெடித்திருக்கும். ஸ்விட்சின் தீப்பொறியை அடக்கும் மின்தேக்கி கெட்டிருக்கும். மின்னழுத்தத்துக்கேற்ற இணைப்புப் பட்டைகள் 100 வோல்ட் அளவுக்கு அமைக்கப்பட்டுள்ளனவா, 200 வோல்ட் அளவுக்கா என்பதை இயக்குமுன் பார்த்தல் கட்டாயம். உலோக உடலுக்கு எர்த் கம்பி இருத்தல் வேண்டும். இப்பகுதியை மின்பணியறிந்தவரிடம் விடுதலே அறிவுடைமை.

இவை முடிந்தபின் வேகம் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்து வைத்த இலக்கண மரபினர்க்குக் காலத்தின் அருமை சொல்லத் தேவையில்லை. வேகம் நூற்றில் ஒரு பங்கு தளர்ந்தால், இருபது நிமிடப் பக்கம் பன்னிரண்டு நொடி நீளும். சுருதியும் அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு இறங்கும். பாடியவர் பாடாத சுருதியைக் கேட்பவர் கேட்கிறார். நொடிக்கு 50 அலையுடைய மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும். அவ்வொளியில் 180 கோடுகள் இட்ட அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்து ஓட்டினால், 33⅓ வேகம் சரியாயின் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னோக்கி ஓடினால் வேகம் மிகை. பின்னோக்கி ஓடினால் குறை. இன்றைய எல்.இ.டி. விளக்குகளுட் பல இவ்வாறு சிமிட்டாமையால் இச்சோதனைக்கு உதவா. பொறியைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, எண்ணெய் இளகியபின் சோதித்தல் முறை. 301-இல் மோட்டார்த் தண்டிலுள்ள அலுமினிய வட்டு ஒரு காந்தத்தின் ஊடே சுழல்கிறது. காந்தத்தை நகர்த்தினால் சுழல் மின்னோட்டத்தின் தடையால் வேகம் நுண்ணிதாக ஏறும், இறங்கும். வேகக் குமிழ் செய்யும் பணி இதுவே.

மேம்படுத்தல்

பேணலால் பொறி தன் பழைய நிலைக்கு மீளும். அதற்கு மேற்சென்று செய்வதே மேம்படுத்தல். இதில் முதலிடம் அடிப்பெட்டிக்கு. மெல்லிய பலகையாலான உள்ளீடற்ற பெட்டி முழவுபோல் அதிரும். மோட்டாரின் எஞ்சிய நடுக்கத்தைப் பெருக்கி ஊசிக்குத் திருப்பித் தரும். ஆகவே ஒட்டுப்பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி, பொறி அமரும் அளவுக்கு மட்டும் குடைந்த கனத்த பெட்டியைப் பலரும் விரும்புகின்றனர். கற்பலகையால் அமைப்போரும் உளர். கேரர்டு நிறுவனமே பெட்டியின்றி விற்ற பொறி ஆதலால், இம்மாற்றத்தால் மூலம் சிறிதும் கெடுவதில்லை. பெட்டியை மாற்றினால் திருகாணிகளைக் கழற்றிப் பழைய பெட்டிக்கே மீளவும் கூடும்.

அடுத்தது ஊசிக்கையும் கார்ட்ரிட்ஜும். இவை தனித்தனியே சிறந்திருந்தால் போதாது. தம்முள் பொருந்த வேண்டும். கையின் நிறையும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஓர் இயல்பதிர்வை உண்டாக்கும். அது நொடிக்கு 8 முதல் 12 வரை அமைதல் நன்று. அதற்குக் கீழே சென்றால், நெளிந்த தட்டு எழுப்பும் அசைவோடு கலந்து கை தள்ளாடும். மேலே சென்றால் பாட்டின் தாழ்ந்த ஒலியோடு கலக்கும். மிக மென்மையான நெகிழ்வுடைய கார்ட்ரிட்ஜைக் கனத்த கையில் பூட்டுவோர் விலையுயர்ந்த இரண்டு பொருள்களால் ஒரு குறையை வாங்குகின்றனர்.

கையின் அமைப்பில் மற்றோர் உண்மையும் உண்டு. தட்டை வெட்டிய பொறியின் ஊசி நேர்க்கோட்டில் நகர்ந்தது. வீட்டில் படிக்கும் கையோ ஒரு முனையில் ஊன்றி வில்லாக வளைந்து நகர்கிறது. எனவே வெட்டிய கோணத்தோடு படிக்கும் கோணம் முழுதும் ஒன்றும் இடங்கள் தட்டில் இரண்டே. பேர்வால்ட் 1941-இல் வெளியிட்ட கணக்கைப் பின்பற்றி வழங்கும் அளவுகளின்படி, அவை நடுவிலிருந்து ஏறத்தாழ 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் அமையும். ஏனைய இடங்களில் சிறு பிழை இருந்தே தீரும். அதனை எங்கும் சிறிதாகப் பகிர்ந்து வைப்பதே அமைப்பவர் திறம். எவ்வளவு நெருங்கிய உரையும் மூலத்தோடு சில இடங்களில் மட்டுமே முழுதும் ஒன்றும் என்பதை உரைநூல் பயின்றோர் அறிவர்.

மூன்றாவது, மின்வழங்கி. இம்மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலையெண்ணைச் சார்ந்தது. தூய அலையைத் தானே உண்டாக்கித் தரும் மின்னணு வழங்கியை இடையில் வைத்தால், ஊர் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு பொறியை அண்டாது. இதனையும் எப்போது வேண்டுமாயினும் அகற்றலாம்.

எல்லை எது?

இதற்கு மேல் செல்வோரிடத்தே கருத்து வேறுபாடு உண்டு. மூலப் பேரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவோரும், சுழல்தட்டையே கனத்த ஒன்றால் மாற்றுவோரும், புதிய கைக்கு இடம் தேடி வார்ப்புத் தகட்டை அறுப்போரும் உளர். அமைதி மிகுந்தது, அடியொலி ஆழ்ந்தது என்பர் ஒரு சாரார். அவர்தம் காது பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டுவதில்லை. மேல்கீழ் உறுமல் ஸ்டீரியோ காலத்தில் உண்மையான குறையே. அதனைக் குறைக்கும் பேரிங் உண்மையான மேம்பாடே. ஆயினும் மற்றொரு சாராரின் வினாவும் தள்ளத்தக்கதன்று: பேரிங்கும் தட்டும் மாறியபின் எஞ்சுவது கேரர்டா, அதன் பெயர்ப்பலகையா?

இவ்வினாவுக்குப் பதிப்பாசிரியர்கள் ஒரு விடை வைத்துள்ளனர். நல்ல பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்துவார். ஆனால் தாம் திருத்தியதைக் காட்டுவார். ஏட்டில் கண்டதை அடிக்குறிப்பிலே காத்துவைப்பார். பின்வருவோர் வேண்டுமாயின் பழைய பாடத்துக்கு மீளலாம். அவ்வழக்கமே பொறிக்கும் பொருந்தும். மாற்றிய பேரிங்கைத் தூய்மை செய்து, பெயரெழுதிக் கட்டி வைப்பவர் மேம்படுத்துபவர். தகட்டை அறுப்பவர் ஏட்டில் உள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தம் பாட்டை எழுதுபவர். அப்பாட்டு நல்லதாகவே இருக்கலாம். எனினும் மூலத்தை ஒப்பிட்டு அதனைச் சோதிக்கும் வழியைப் பிறர்க்கு இல்லாமற் செய்துவிடுகிறார்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பெட்டி, கை, கார்ட்ரிட்ஜ், வழங்கி ஆகிய நான்கையும் ஒரே நாளில் மாற்றியவர், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என அறியார். ஒன்றை மாற்றி, பழகிய ஒரே தட்டை ஒரே ஒலியளவில் பல நாள் கேட்டு, அதன்பின் அடுத்ததற்குச் செல்பவர்க்கே பொறி தன் இயல்பைக் காட்டும்.

நிறைவாக

பழைய சுழல்பொறியை உடையவர்க்கு வரிசை ஒன்று சொல்லலாம். முதலில் ஊசி, அது தட்டைக் காப்பது. பின்னர் மட்டம், பேரிங், சக்கரம், மோட்டார். இவை பொறியை அதன் இயல்புக்கு மீட்பன. அதன்பின் பெட்டியும் கையும் மின்வழங்கியும். இவை மீளத்தக்க மாற்றங்கள். மீளத்தகாத மாற்றத்துக்கு முன்னர் நெடுநாள் காத்திருத்தல் வேண்டும். செலவு மிகுந்தது கடைசியிலும் செலவு குறைந்தது முதலிலும் வருதல் இவ்வரிசையின் சிறப்பு. கடைத்தெருவோ இதனைத் தலைகீழாகச் சொல்லும்.

பொறி தேய்ந்தால் மாற்றுறுப்புக் கிடைக்கும்; சக்கரம் இறுகினால் புதுச் சக்கரம் வார்க்கலாம். தட்டின் தடச்சுவர் ஒருமுறை தேய்ந்தால் அதனை மீட்கும் வழி எதுவும் இல்லை. அத்தடத்தில் இருப்பது பாடியவரின் மூச்சு. அவர் சொல்லை நிறுத்திய இடம். அவர் எடுத்த சுருதி. பொறி தன் குரலைச் சிறிதும் சேர்க்காமல் அவற்றைப் படித்துத் தந்துவிட்டு, படித்த ஏட்டை முன்னிருந்தவாறே வைத்துவிடுதல் வேண்டும். பேணலின் பயனும் மேம்பாட்டின் பயனும் அவ்வளவே. கவிதையை அவையில் படிப்பவரிடம் இவ்வட்டம் பத்தாண்டுகளாக எதிர்பார்த்து வந்ததும் அதுவேயாகும்.